இருபதாம் அறையின் கதவு

வாழவந்தி நாட்டில் ஒருவர் கொஞ்சம் கூடுதலாக அளந்துவிட்டால், கேட்கிறவர் முகத்துக்கு நேரே பொய் என்று சொல்லமாட்டார். "பாப்பாத்தி கதவு!" என்பார். அவ்வளவுதான். என் பலாமரத்தில் ஆளுயரத்துக்கு ஒரு பழம் காய்த்தது, நீங்கள் பார்க்க வருவதற்குள் குரங்கு தின்றுவிட்டது என்று ஒருவன் சொன்னால் அது பாப்பாத்தி கதவு. மலைக்கு ஏறும் எழுபது கொண்டை ஊசி வளைவையும் ஒரே கியரில் ஏறினேன், பார்க்கத்தான் பக்கத்தில் ஆளில்லை என்றால் அதுவும் பாப்பாத்தி கதவு. இந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவள் அத்தாயி. மிளகு மூட்டையை மலைவிளைபொருள் சங்கத்து எடைத்தட்டில் வைத்துவிட்டுச் சும்மா நிற்காமல் ஒருநாள் சொல்லிவைத்தாள், ஊர் பிடித்துக்கொண்டது. வாய்க்கு அவல் கிடைத்தால் ஊர் விடுமா?

எல்லோருக்கும் அது சிரிப்பு. பாப்பாத்திக்கு மட்டும் காலில் ஏறிய முள். ஏனென்றால் அந்தக் கதவை அவள் உண்மையிலேயே திறந்தாள்.

கதவு என்றால் மரக்கதவு அல்ல, கம்ப்யூட்டர் ஆட்டத்தில் வரும் கதவு. 1997 தை மாதம் மலைவிளைபொருள் சங்கத்துக்கு ஒரு பழைய கம்ப்யூட்டர் வந்தது. சேந்தமங்கலத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் யாக்கூப் பாய் அதன் மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து சேர்ந்தார். முப்பதாவது வளைவில் ஆரம்பித்த வாந்தி மேலே வந்தும் நிற்கவில்லை. ஆனால் மனிதர் மானிட்டரைக் கடைசிவரை கைவிடவில்லை. அந்த ஒரு காரியத்துக்காகவே பாப்பாத்திக்கு அவர்மேல் ஒரு மரியாதை.

சங்கத்தில் டைப் தெரிந்த ஒரே ஆள் பாப்பாத்தி. ஆகவே கம்ப்யூட்டர் அவள் மேசைக்கு வந்தது. செயலாளர் அருணாசலம் அதற்குக் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, பிறகு ஓர் அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி அதன் தலைமாட்டில் மாட்டினார்: 'இடி இடித்தால் முதலில் பிளக்கைப் பிடுங்கவும்.' பாய் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். மலைக்காரர்கள் யாரும் சிரிக்கவில்லை. அதற்கு முந்தைய வருடம்தான் ஒரே இடியில் சங்கத்து போனும் தெருவில் இரண்டு டிவியும் கருகிப்போயிருந்தன. அதிலிருந்து இந்த ஊரில் வானம் உறுமினால் போதும், சோறு தின்கிற கையும் பிளக்கைத்தான் தேடும். யோசித்துச் செய்கிற காரியம் இல்லை அது, கொசு கடித்தால் கை போகிற மாதிரி.

உறுப்பினர் பெயர்களை எப்படி ஏற்றுவது என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகிற போக்கில் பாய் ஒரு ஃபிளாப்பியைச் செருகி ஓர் ஆட்டத்தை ஏற்றினார்.

"பொழுது போகலீன்னா இதைப் போட்டுப் பாருங்க அம்மணி. கோட்டைன்னு ஒரு ஆட்டம். மொத்தம் இருபது அறை. நானே பதினேழுக்கு மேல போனதில்லீங்க."

விரல் உயரத்துக்கு ஒரு குட்டி ஆள். அவனுக்கு மூன்று உயிர். கோட்டைக்குள் நுழைந்து இருபது அறையைக் கடந்து கடைசிக் கதவைத் திறக்க வேண்டும். பாதியில் நிறுத்திவிட்டு நாளைக்கு அங்கிருந்தே தொடரலாம் என்ற பேச்சே கிடையாது. செத்தால் முதலிலிருந்து. கரண்ட் போனால் முதலிலிருந்து. ஆட்டம் தொடங்கும்போது ஒரு பக்கம் வரும். வென்றவர்களின் பெயர் எழுத அதில் பத்து வரி. இருபதாவது கதவைத் திறந்தவர் மட்டுமே அதில் எழுதலாம். பத்து வரியும் காலியாக இருந்தன.

அந்தப் பத்து வெற்று வரியைப் பார்த்த நாளிலிருந்து பாப்பாத்திக்குப் பித்துப் பிடித்தது. மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை சாப்பாட்டு நேரம். சாமைச் சோற்றைப் பத்தே நிமிடத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டு மிச்ச நேரம் கோட்டைக்குள் இருப்பாள். இரண்டு வருடம் செத்தாள். தண்ணீரில் செத்தாள், முள்ளில் செத்தாள், மேலேயிருந்து விழும் கல்லில் செத்தாள். 1999 வைகாசியில் ஒரு மதியம் சாகவில்லை. இருபதாவது கதவு திறந்தது. வெற்றுப் பக்கம் வந்தது. பெயர் எழுதப் போகும்போது கரண்ட் போய்விட்டது.

அப்படித்தான் அவள் எல்லோரிடமும் சொன்னாள்.

யார் நம்புவார்கள்? அவள் ஆடியதை யாரும் பார்க்கவில்லை. மறுபடி மிஷினைப் போட்டால் பத்து வரியும் பளிச்சென்று காலியாக நின்றன. "கதவு தொறந்துச்சாம், கரண்ட்டு போயிருச்சாம்" என்று அத்தாயி ராகம் போட்டாள். பாப்பாத்தியின் வீட்டுக்காரர் சின்னக்கண்ணுகூட ஒருநாள் குழம்பில் உப்பு போட்டேன் என்று அவள் சாதித்தபோது "பாப்பாத்தி கதவு" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அன்றைக்கு அவருக்கு வேறு குழம்பு கிடைக்கவில்லை.

அதன்பிறகு அவள் ஆடாமல் இல்லை. ஆறு வருடம் ஆடினாள். மலையில் ஒரு மணி நேரம் முழுசாகக் கரண்ட் இருப்பதே பெரும்பாடு. இருந்தால் அந்த நேரம் பார்த்து எவராவது தேன் டின்னைத் தூக்கிக்கொண்டு எடைக்கு வருவார்கள். அதுவும் இல்லாத நாளில், பத்தொன்பதாவது அறையில் அவள் அவசரமே காரியத்தைக் கெடுக்கும்.

ஆனால் ஒன்று. ஆட்டத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் அவளிடம்தான் பேச வேண்டும். மாதம் ஒருமுறை சங்கத்து வேலையாகச் சேந்தமங்கலம் இறங்குவாள். வேலை முடிந்ததும் பாய் கடையில் புதிதாக என்ன ஆட்டம் வந்திருக்கிறதோ அதை ஒரு மணி நேரம் ஆடிப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொல்வாள். காலேஜ் பையன்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து கேட்பார்கள். காதில் கம்மல், கையில் மஞ்சள் பை, முப்பத்தைந்து வயது. சந்தைக்கு வந்த பொம்பளை மாதிரி இருந்துகொண்டு, அவர்கள் ஒரு வாரமாக மல்லுக்கட்டும் ஆட்டத்தின் குடலை உருவிக் காட்டிவிடுவாள்.

சீட்டு அடுக்கும் சாலிடேர் பற்றி: "வேலை பாக்கற மாதிரியே நடிக்கறவங்களுக்குப் பண்ணுன ஆட்டமுங்க. எங்க செயலாளருக்கு ரொம்பப் புடிக்கும்."

மைன்ஸ்வீப்பர் பற்றி: "அதைக் கொறை சொல்லமாட்டனுங்க. பன்னிக்குக் கண்ணி வெச்ச காட்டுல நடக்கற மாதிரி, எண்ணி எண்ணிக் காலை வெக்கோணும்."

செல்போனில் வரும் பாம்பு பற்றி: "வெளியாளு எவனும் அதைக் கொல்றதில்லீங்க. தன் வாலைத் தானே கடிச்சுக்கிட்டுச் சாகுது. பங்காளிங்க மாதிரி."

பைக்கில் போகிற ரோட் ராஷைப் பற்றி அவளுக்கு இரண்டு அபிப்பிராயம். "எதுக்கால காரு வாரான், ஒருத்தனாச்சும் ஹாரன் அடிக்கறானா? வளைவுல ஹாரன் அடிக்காத ரோடு என்ன ரோடுங்க? ஆனா ஒண்ணு. உழுந்தவன் எந்திரிச்சு, தன் வண்டி எங்க கெடக்குதுன்னு திரும்பி ஓடறான் பாருங்க. அந்த எடத்தை யோசிச்சுப் பண்ணுனவனுக்கு ஒரு கும்புடு."

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் ஆடியபோது ஒரு மணி நேரத்தில் எழுந்து கோபமாகவே கேட்டாள். "அதென்னங்க, ஒருக்கா வெள்ளாமை எடுத்ததும் நெலம் செத்துப் போயிருது? தினையும் கேழ்வரகும் மாத்தி மாத்தி வெதைக்க வேண்டீதுதான? சண்டைக்கு யானை செஞ்சவனுக்கு மண்ணைப் பத்தி ஒண்ணும் தெரியலீங்க."

கவுண்டர் ஸ்ட்ரைக்கைப் பார்த்து அவள் மூக்கைச் சுளிப்பாள் என்று பையன்கள் எதிர்பார்த்தார்கள். சுளிக்கவில்லை. "செத்தவன் அந்த ரவுண்டு முடியற வரைக்கும் வாய மூடிக்கிட்டு உக்காந்து பாக்கோணும். நல்ல சட்டமுங்க. இந்த ஆட்டத்துல உசுருக்கு ஒரு மருவாதி இருக்குது" என்றாள். பையன்கள் கை தட்டினார்கள்.

அவளுக்கு ஆகாதது ஒன்றே ஒன்றுதான். பத்து அடிக்கு ஒருதரம் சேவ் பண்ணிக்கொண்டு போகிற புது ஆட்டங்கள். "இடுப்புல கயித்தைக் கட்டிக்கிட்டுக் கெணத்துல நீச்சலடிக்கற மாதிரிங்க. நீச்சலும் வராது, பயமும் தெளியாது."

இங்கேதான் யாக்கூப் பாய் குறுக்கே வருவார். அவர் புது ஆட்டத்தின் கட்சி. "காலம் மாறுதுங்க அம்மணி. இந்த ஆத்துல தண்ணி ஓடறதைப் பாருங்க. நெசத் தண்ணி தோத்துப்போகும்."

"தண்ணி பாக்கறதுக்கு எங்க மலையில அருவி இருக்குதுங்க பாய்."

பையன்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பாயும் சிரிப்பார். சிரித்து முடித்துவிட்டு, தோற்றவன் சும்மா போவானா, மெதுவாகக் கேட்பார்: "அது சரி, அந்தக் கோட்டைக் கதவு…?" உடனே சிரிப்பு அவள் பக்கம் திரும்பிவிடும்.

ஊர் சிரித்ததைத் தாங்கிக்கொண்டாள். ஊருக்குக் கோட்டையைப் பற்றி என்ன தெரியும்? பாய் அப்படியல்ல. பதினேழு அறை வரை நடந்து பார்த்த மனிதர். அதற்கு அப்பால் மூன்று அறை போவதென்றால் என்ன என்று இந்த உலகத்தில் அவளைத் தவிர அறிந்த ஒரே ஆள். அவரே நம்பவில்லை என்பதுதான் அவளை அறுத்தது.

2005 ஐப்பசியில், ஒரு புதன்கிழமை காலை, ஜீப்பில் புது கம்ப்யூட்டரோடு பாய் வந்து இறங்கினார். கூடவே செங்கல் கனத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. "இது யுபிஎஸ்ஸுங்க. கரண்ட்டு போனாலும் மிஷினு பத்து நிமிசம் ஓடும்" என்றார். அருணாசலம் குங்குமச் சிமிழை எடுத்து வரப் போனார். புது மிஷின் தட்டையாக, அழகாக இருந்தது. பாப்பாத்தி அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"பழசை என்ன பண்ணுவீங்க?"

"நாலு மணிக்கு நான் எறங்கறப்ப எடுத்துக்கிட்டுப் போயிருவனுங்க. உள்ள இருக்கறதையெல்லாம் அழிச்சுட்டுப் பிரிச்சுப் போட்டுருவேன்."

"அந்த ஆட்டம்?"

"புது மிஷின்ல அது ஓடாதுங்க அம்மணி. வேகம் அதிகம். உங்க குட்டி ஆளு கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள செவுத்துல மோதிச் செத்துப்போவான்."

பாப்பாத்தி பழைய மிஷின் பக்கம் திரும்பினாள். இந்த மிஷின் மலையிறங்கிவிட்டால் கோட்டையும் போயிற்று, வெற்றுப் பக்கமும் போயிற்று. சாகும்வரை அவள் பெயர் ஊரில் பொய்க்கு அடைமொழியாக இருக்கும். அவள் பேரப்பிள்ளைகள் காலத்திலும் எவனாவது ஒருவன் மிளகு மூட்டை பக்கத்தில் நின்று 'பாப்பாத்தி கதவு' என்பான்.

"ஏனுங்க பாய், அந்தக் கறுப்புப் பொட்டியைப் பழைய மிஷினுக்கு மாட்டிக் குடுங்க. ஒரு மணி நேரம். உங்க கண்ணு முன்னாடி கதவைத் தொறக்கறேன்."

பாய் அவள் முகத்தைப் பார்த்தார். விளையாட்டில்லை என்று தெரிந்துகொண்டார். "சரிங்க. தொறக்கலீன்னா?"

"இனிமே அந்தக் கதவைப் பத்தி என்ற வாயால பேசமாட்டேன். நீங்களும் அந்தப் பசங்களும் வயசு முச்சூடும் சிரிச்சுக்குங்க."

பாய் குனிந்து வயர்களை மாட்டினார். யுபிஎஸ்ஸின் பிளக்கை அவள் நாற்காலிக்கு வலப்பக்கம், முழங்கால் உயரத்தில் இருந்த பழைய இடத்தில் செருகப் போனபோது, "அங்க வேண்டாமுங்க" என்றாள் பாப்பாத்தி. "வயரை இழுத்து எடைத்தட்டுப் பக்கத்துச் செவுத்துல சொருகுங்க. எனக்கு எட்டாத தூரத்துல."

"அதெதுக்குங்க?"

"சொருகுங்க, சொல்றேன்."

செய்தி எப்படிப் பரவியதோ தெரியவில்லை. மணி ஒன்று அடித்தபோது அறை நிறைய ஆள். எடை போடுகிற சின்னுசாமி வந்து கதவோரம் நின்றார். அத்தாயி மிளகு மூட்டையோடு வந்து அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள். அருணாசலம் எடைத்தட்டுப் பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். வெளியே காலையிலிருந்தே வானம் மூடிக்கொண்டிருந்தது.

பாப்பாத்தி சாப்பிடவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். பத்து வெற்று வரி வந்தது. எல்லோரும் பார்க்கும்படி அதைக் கொஞ்ச நேரம் அப்படியே விட்டுவைத்துவிட்டு ஆட ஆரம்பித்தாள்.

முதல் எட்டு அறையை அவள் கடந்த வேகத்தில் பாய் தன் நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டார். குட்டி ஆள் ஓடினான், தொங்கினான், முள்ளைத் தாண்டினான். அவள் விரல்கள் திரையைப் பார்த்து வேலை செய்யவில்லை. விரல்களுக்கே கோட்டை மனப்பாடம். ஒன்பதாவது அறையில் தண்ணீர் ஏறியபோது, யார் தும்மினார்களோ, ஒரு நொடி பிசகி ஓர் உயிர் போயிற்று. பதினான்காவது இருட்டறையில் இன்னொன்று. அத்தாயி "அடி ஆத்தி" என்றாள். மிச்சம் ஒரே உயிர்.

பதினேழாவது அறை. பாய் எழுந்தே நின்றுவிட்டார். செங்குத்தான குறுகல் படிக்கட்டு. குட்டி ஆள் இறங்க வேண்டும். கீழேயிருந்து ஈட்டிக்காரன் ஒருவன் ஏறி வருவான்.

"இங்கதானுங்க! இங்கதான் நான் செத்துச் செத்து…" பாய் தன்னை மறந்து கத்தினார். "அடிங்க அம்மணி! அவன் ஓங்கறதுக்குள்ள அடிங்க!"

பாப்பாத்தி அடிக்கவில்லை. இரண்டு படி பின்வாங்கி, சுவரில் இருந்த சின்ன மாடத்துக்குள் குட்டி ஆளை ஒதுக்கி நிறுத்தினாள். ஈட்டிக்காரன் மெதுவாக ஏறினான். மாடத்தைத் தாண்டினான். திரும்பிக்கூடப் பார்க்காமல் மேலே போய்விட்டான். குட்டி ஆள் இறங்கிப் போனான்.

பாய் திரையை எட்டிப் பார்த்தார். "அடிக்காம உட்டுட்டீங்க?"

"ஏறி வாரவனுக்கு எறங்கறவந்தானுங்க வழி உடோணும்" என்றாள் பாப்பாத்தி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எழுபது வளைவு ஏறி வந்திருக்கறீங்க, இது தெரியாதுங்களா பாய்?" என்றாள் அத்தாயி. "எங்க ஊட்டு எருமைக்கே தெரியுமுங்க."

அறை முழுக்கச் சிரிப்பு. இந்த முறை அது பாயின் பக்கம் போயிற்று. அவரும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். எட்டு வருடமாக அந்த ஈட்டிக்காரனோடு அவர் போட்ட சண்டை எத்தனை!

பதினெட்டு போயிற்று. பத்தொன்பதில் அவசரப்படாமல், ஒவ்வொரு அடியாக எண்ணித் தாண்டினாள். இருபது வந்தது.

இருபதாவது அறையில் எதிரி யாரும் இல்லை. ஓர் இரும்புக் கதவு, ஒரு சக்கரம். கீபோர்டின் அடியில் இருக்கும் நீளக் கட்டையை அழுத்திப் பிடித்தால் குட்டி ஆள் சக்கரத்தைச் சுற்றுவான், கதவு விரற்கடை விரற்கடையாக மேலே ஏறும். நாற்பது எண்ணும்வரை விரலை எடுக்கக் கூடாது. எடுத்தால் கதவு அவன் தலைமேலேயே விழும். சும்மா பிடித்துக்கொண்டிருப்பதுதான் அங்கே இருக்கிற ஒரே வேலை, அதைப்போலக் கஷ்டமான வேலையும் இல்லை. பின்னால் தரைக் கற்கள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருக்கும், பார்க்கிறவனுக்கு ஏதாவது செய்யத் தோன்றும். பாப்பாத்தி இடதுகைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தாள். கதவு ஏறியது. சின்னுசாமி வாய்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். "இருவத்தொண்ணு… இருவத்திரெண்டு…"

முப்பத்தி நாலில் வானம் இடித்தது.

சாதாரண இடி இல்லை. கூரைத் தகரம் அதிர்ந்தது, தேன் டின்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. பாப்பாத்தியின் வலதுகை அவளைக் கேட்காமல் துள்ளிக் கீழே போயிற்று. முழங்காலுக்குப் பக்கத்தில், பழைய இடத்தில் துழாவியது. அங்கே பிளக் இல்லை. வெறும் சுவர். இடது கட்டைவிரல் மட்டும் அசையாமல் இருந்தது.

ஆனால் அறையில் இன்னொரு மலைக்காரர் கையும் இருந்ததே. எடைத்தட்டுப் பக்கம் உட்கார்ந்திருந்த அருணாசலம் ஸ்டூலை விட்டுத் தாவி பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

"ஐயோ!" என்று அத்தனை பேரும் ஒரே குரலில் அலறினார்கள். கறுப்புப் பெட்டி 'கீ… கீ…' என்று கத்தியது. பாப்பாத்தி கண்ணை மூடிவிட்டாள். கட்டைவிரலை மட்டும் எடுக்கவில்லை.

"அம்மணி! ஓடுது! மிஷினு ஓடுது!" பாயின் குரல். "யுபிஎஸ்ஸு! புடிங்க, உட்டுறாதீங்க!"

கண்ணைத் திறந்தாள். கதவு ஏறிக்கொண்டுதான் இருந்தது. சின்னுசாமிக்கு எண்ணிக்கை மறந்துபோய் மறுபடி முப்பதிலிருந்து ஆரம்பித்தார். அவர் முப்பத்தைந்து சொல்வதற்குள் கதவு முழுசாகத் திறந்தது. குட்டி ஆள் வெளியே போனான். பத்து வெற்று வரி வந்தது, முதல் வரியில் ஒரு சின்னக் கோடு மினுக்மினுக்கென்று அவளுக்காகக் காத்திருந்தது.

ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். PAPPATHI. என்டர் தட்டினாள். மிஷினின் நெற்றியில் சிவப்பு விளக்கு ஒருதரம் எரிந்து அணைந்தது. ஏறிவிட்டது. எட்டு வருடமாகக் காலியாக இருந்த பக்கத்தில் அவள் பெயர் நின்றது. தன் கல்யாணத்தன்றுகூட அவள் இவ்வளவு பெருமையாக உட்கார்ந்ததில்லை.

பாய் இரண்டு கையையும் கூப்பினார். "தப்பாச் சொல்லிட்டனுங்க அம்மணி. ஆறு வருசம் சிரிச்சுட்டேன்."

அதற்குள் மற்றவர்கள் அருணாசலத்தின் பக்கம் திரும்பிவிட்டார்கள். அவர் பிளக்கைக் கையில் பிடித்தபடியே குன்றிப்போய் நின்றார். "கை தன்னாலயே போயிருச்சுங்க" என்றார்.

"போச்சாது உடுங்க" என்றாள் அத்தாயி. "இனிமே பாப்பாத்தி கதவு இல்லீங்க. அருணாசலம் பிளக்கு!"

சிரிப்பு தகரத்தில் மோதித் திரும்பியது. அருணாசலத்தின் முகத்தைப் பாப்பாத்தி பார்த்தாள். அந்த முகம் அவளுக்குப் புதிதல்ல. ஆறு வருடம் அவள் சுமந்த முகம். இனி அவர் சுமக்க வேண்டும். பெயர் ஏறியாயிற்று, சாட்சி இருக்கிறது, அவள் பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

"சிரிக்காதீங்க" என்றாள். "அன்னிக்கிக் கரண்ட்டு போகலீங்க."

"அப்பறம்?" என்றார் பாய்.

"இதே மாதிரி இடி இடிச்சுது. பேரெழுதறதுக்குப் பக்கம் வந்து நிக்குது, என்ற கை பிளக்கைப் புடுங்கிப்போட்டுது. தொறந்தவளும் நாந்தான், அமத்துனவளும் நாந்தான். அதுக்குத்தான் இன்னிக்கி எட்டாத தூரத்துல சொருகச் சொன்னேன். இப்பக்கூட என்ற கை போச்சுங்க. செவுரு இருந்ததால தப்பிச்சேன்."

கறுப்புப் பெட்டி மட்டும் கத்திக்கொண்டிருந்தது.

"ஆறு வருசமாக் கரண்ட்டு மேல பழியப் போட்டீங்களே!" என்றார் பாய்.

"கரண்ட்டுக்கு வாய் இல்லீங்களே பாய். நான் தொறக்கவே இல்லீன்னு ஊரு சொன்னதைக்கூடத் தாங்கிக்கிட்டேன். கையில வந்ததை நானே கெடுத்துக்கிட்டேன்னு சொல்றதுக்கு வெக்கமா இருந்துச்சுங்க. இப்ப இல்லீங்க." பாப்பாத்தி நிமிர்ந்து உட்கார்ந்து அருணாசலத்தைப் பார்த்தாள். "நீங்க நிமுந்து நில்லுங்க ஐயா. இந்த மலையில இடி கேட்டுக் கை போகாதவங்க யாரு இருக்கறாங்க? அத்தாயி, நீ சொல்லு."

அத்தாயி தன் வலதுகையைப் பார்த்தாள். இடி கேட்டதும் அது எதைத் தேடியதோ, மிளகு மூட்டையின் வாய்க்கட்டை அவிழ்த்து வைத்திருந்தது. அரைப்படி மிளகு தரையில் கிடந்தது. குனிந்து பொறுக்க ஆரம்பித்தாள்.

பாய் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் வரியில் அவள் பெயர், கீழே ஒன்பது வரி காலி.

"ரெண்டாவது வரியில என்ற பேரை எழுதிக்கலாமுங்களா? வாந்தி எடுத்துக்கிட்டு இந்த மிஷினைத் தூக்கி வந்தவன் நாந்தான?"

"பதினேழைத் தாண்டிக் கதவைத் தொறங்க, அப்பறம் எழுதுங்க."

"அப்ப இதைப் பிரிக்க முடியாதே."

"பிரிச்சுப்போட்டு எதுல ஆடுவீங்க?"

பாய் தோளில் கிடந்த துண்டை எடுத்து மானிட்டரின் தலையைத் துடைத்தார். எட்டு வருடத்துக்கு முன்பு மடியில் வைத்துக்கொண்டு வந்தபோது துடைத்ததைப் போலவே துடைத்தார்.

"பொட்டி கத்துதுங்களே" என்றார் அருணாசலம். பிளக் இன்னும் அவர் கையில்தான் இருந்தது. "இப்பச் சொருகிறட்டுமா அம்மணி?"

வெளியே மழை தகரத்தில் இறங்கிவிட்டது. தூரத்தில் இன்னொரு உறுமல் கேட்டது.

"இடி நிக்கட்டுமுங்க" என்றாள் பாப்பாத்தி. தன் பெயரை இன்னொரு தடவை படித்துவிட்டு, அவசரமே இல்லாமல், தன் கையாலேயே மிஷினை அணைத்தாள்.